பாப்பாவின் காது பதில் சொன்னது

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். தூக்கம் மட்டும் யாருக்கும் கிடையாது, உன் மகள் விடுவதில்லை. போனில் சொன்னால் கப்பல் இன்ஜின் இரைச்சலில் பாதி உனக்குப் போய்ச் சேராது. அதனால்தான் கடிதம்.

பாப்பாவின் காதுப் பரிசோதனையைப் பற்றி உன் மனைவி "எல்லாம் சரியா இருக்கு" என்று மட்டும் சொல்லியிருப்பாள். நடந்தது வேறு. பிறந்த மறுநாள் எங்கள் ஆஸ்பத்திரியில் நானே பரிசோதித்தேன். வலது காது பதில் சொன்னது. இடது காது சொல்லவில்லை.

ஊரார் பிள்ளைகளுக்கு இதே சோதனையைச் செய்து, "பிறந்த குழந்தை காதுல தண்ணி தங்கியிருக்கும், பயப்படாதீங்க" என்று தைரியம் சொல்கிறவள் நான். நம் வீட்டுப் பிள்ளை என்றதும் அதே சோதனையை மூன்று முறை திரும்பச் செய்தேன். "மறைக்காதீங்க அண்ணி" என்று உன் மனைவி என் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டாள்.

பதில் என்று நான் சொல்வது வெறும் பேச்சில்லை. காதில் ஒரு சின்னக் குழாயை வைத்து மெல்லிய சத்தத்தை அனுப்பினால், நல்ல காது தானும் ஒரு சத்தத்தைத் திருப்பி அனுப்பும். காதுக்குள்ளே பட்டாணி அளவில் நத்தைக்கூடு போல ஓர் உறுப்பு, அது நிறைய நீர். செவிப்பறையின் அதிர்வு மூன்று குட்டி எலும்புகள் வழியாக வரும். கடைசி எலும்பு உன் இன்ஜின் பிஸ்டன் மாதிரி அந்த நீரைத் தள்ளும். நத்தைக்கூட்டுக்குள் நீளமாக ஒரு சவ்வு, வாசல் பக்கம் விறைப்பு, உள்ளே போகப் போகத் தளர்வு. கீச்சுச் சத்தம் வாசலிலேயே அதை அதிர வைக்கும், கனத்த சத்தம் உள்கோடி வரை போகும். அதன் மேல் இருக்கும் மயிரிழைச் செல்கள் நீண்டு சுருங்கி, சின்ன அதிர்வையும் பெரிதாக்கும். அவை ஆடும் ஆட்டத்தில் வெளியே கசிவதுதான் அந்தப் பதில். எத்தனை பிள்ளைகளிடம் பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

போன வாரம் பாப்பா தூங்கும்போது மறுபடி வைத்துப் பார்த்தேன். இடது காது பளிச்சென்று பதில் சொன்னது! உன் மனைவி சிரித்தாள். அழுதது நான்தான்.

இனி உன் கதைக்கு வருகிறேன். போன விடுமுறையில் உனக்கும் வைத்துப் பார்த்தேனே, கீச்சுச் சத்தங்களுக்கு உன் காதுகள் வாயே திறக்கவில்லை. "மெஷினோட பழகின காது, அக்கா, அப்படித்தான் இருக்கும்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாய். பேரிங் தேய்ந்ததைக் காதாலேயே கண்டுபிடிக்கக் காதுக் கவசத்தைக் கழற்றிவிட்டு இன்ஜின் மேல் சாய்வாயாம். பெருமையாக வேறு சொன்னாய். நீ கெட்டிக்காரன்தான், யார் இல்லை என்றது? ஆனால் இரைச்சலில் கீச்சுச் சத்தம் கேட்கிற வாசல் பக்கத்துச் செல்கள்தான் முதலில் சாகும். செத்தவை மறுபடி முளைக்காது. எந்தத் துறைமுகத்திலும் அதற்கு ஸ்பேர் பார்ட் விற்கவில்லை, தம்பி.

எனக்குப் பயமாக இருக்கிறது. பால் குடித்து முடித்ததும் உன் மகள் ஒரு குட்டிக் கீச்சொலி எழுப்புகிறாள். குனிந்து காதை வைத்தால்தான் எங்களுக்கே கேட்கிறது. நீ வரும்போதும் அவள் குரல் இப்படி மெல்லிசாகத்தான் இருக்கும். நீ குனிந்த பிறகும் உனக்கு அது கேட்க வேண்டும்.

நீ நன்றாக இருக்க வேண்டும். மிச்சமிருக்கிற காதைப் பத்திரமாகக் கொண்டு வா.

உன் அக்கா