எந்த எண்ணுக்கு அழைப்பது

என் கோபக்காரிக்கு,

மாமாவுக்கு நெஞ்சு வலி குறைந்ததா? விலா எலும்பை உடைத்தவனே விசாரிக்கிறான் பார் என்று நீ பல்லைக் கடிப்பது இங்கே வரை கேட்கிறது.

நெஞ்சை அமுக்கி, நின்றுபோன அவர் இதயத்தை ஓட வைத்ததற்காக ஆம்புலன்ஸ் நிலையத்தில் எனக்குக் கைதட்டினார்கள். போன வாரம் உங்கள் வீட்டுக்கு வந்தபோது உன் அப்பா என்னைப் பார்த்து, "யாருப்பா நீ? கரண்டு ரிப்பேருக்கா வந்தே?" என்றார். நான் சிரித்தேன். நீ அவர் வாயைத் துடைத்துவிட்டு, "என்னையும் இப்படித்தான் கேக்குறாரு," என்றாய். அதன்பிறகு நீ என்னோடு பேசவில்லை.

நினைவு தெளிவாக இருந்த காலத்தில் அவர் நம் இருவரிடமும் சொன்னதை நான் மறக்கவில்லை. "மாப்ளே, என் நேரம் வந்தா விட்டுடுங்க. இழுத்துப் பிடிச்சு வைக்காதீங்க." ஆனால் அதை அவர் எழுதித் தரவில்லை. நீ அவசர எண்ணுக்கு அழைத்தாய். வந்த வண்டியில் நான் இருந்தேன். எழுத்தில் மறுப்பு இல்லாவிட்டால் நாங்கள் காப்பாற்ற முயன்றே ஆக வேண்டும் என்பது எங்கள் வேலையின் விதி. "ஏன் நிக்கிறீங்க, அமுக்குங்க!" என்று கத்தியதும் நீதான். சொல்லிக்காட்டவில்லை. சரி, சொல்லிக்காட்டத்தான் செய்கிறேன்.

மறுபடி அப்படி ஒன்று நடந்தால் அந்த எண்ணுக்கு அழைக்காதே. என் கைபேசிக்கு அழை. சீருடையைக் கழற்றிவிட்டு, மருந்துப் பெட்டியை வண்டியிலேயே வைத்துவிட்டு வருகிறேன். ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவோம்.

இனி உன் அழைப்பு வரும்போதெல்லாம் அதுதானோ என்று பயந்துகொண்டேதான் எடுப்பேன். ஆனாலும் பேசு. ஒன்றுமில்லாததற்கும் பேசு.

உங்கள் வீட்டு மாப்பிள்ளை