கதிர்க்குருவி வராத சம்பா

அக்டோபர் 19, சனி

இன்றும் இல்லை.

நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்துவிட்டது. வழக்கமாக இந்நேரம் ‘ட்சிட்... ட்சிட்...’ என்று வயலுக்கு மேலே துள்ளித் துள்ளிப் பறந்துகொண்டிருக்கும். கட்டைவிரல் அளவுக் கதிர்க்குருவி. திருத்துறைப்பூண்டிப் பக்கம் எந்த வரப்பில் நின்றாலும் ஒன்று உண்டு. அதற்காக நான் கண்ணைச் சிரமப்படுத்தியதே இல்லை. காதில் விழுந்த பிறகுதான் பைனாகுலரைத் தூக்குவேன். மற்றவர்கள் படம் எடுத்துவைத்துக்கொண்டு பெயர் தேடுவார்கள், நான் சைக்கிளில் போகிற போக்கிலேயே சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

குருவி வராமல் போனது ராம்கியால்தான். என் கணவரின் தம்பி. அப்பா எனக்கு எழுதிவைத்த நிலத்தைக் குத்தகைக்குச் செய்கிறான். குறுவையில் ட்ரோனை விட்டு மருந்து அடித்தான். அதற்குப் பிறகுதான் குருவி இல்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் போனேன். ஜாஃபர் சாதிக்கின் படகு. பறவைக் கணக்கெடுப்புக்கு எப்போதும் கூட வருகிறவர். “அக்கா, கொசு உள்ளான் கூட்டமா போவுது, சத்தம் கேக்குதா?” என்றார். காற்று இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் சொன்னாரே என்று எழுதிக்கொண்டேன். மனம் ஒப்பவில்லை.

நவம்பர் 6, புதன்

ராம்கி வந்தான்.

“அண்ணி, இலைச்சுருட்டுப் புழு விழுந்துருக்கு. இப்ப ஒரு தடவை மருந்து அடிச்சா அடக்கிடலாம்.”

அடிக்கக் கூடாது என்றேன். “குருவியெல்லாம் கொன்னுட்டு இப்பப் புழுவைக் குத்தம் சொல்றியா? குருவி இருந்தா அது தின்னுருக்கும்ல?”

“குருவி எங்கயும் போவலிங்க அண்ணி. வயல்லதான் திரியுது.”

வாய் கூசாத பொய். மருந்து அடித்தால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடையாது என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே ரசம் ஊற்றிக்கொண்டார்.

நவம்பர் 10

இல்லை.

நவம்பர் 17, ஞாயிறு

விடிந்ததிலிருந்து வரப்பு வரப்பாக நடந்தேன். வாய்க்கால் ஓரம், கோரைப் புதர், ஒரு இடம் விடவில்லை. கடைசியில் மதகில் உட்கார்ந்து அழுதேன். ஒரு குருவிக்கா? ஆமாம், குருவிக்குத்தான். அப்பா செத்த வருஷம் யார் பேச்சும் காதில் ஏறவில்லை. இதன் சத்தம்தான் என்னை மறுபடி வயலுக்கு இழுத்து வந்தது. அதையும் கொன்றுவிட்டார்களே பாவிகள்.

நவம்பர் 24, ஞாயிறு

கண்டேன்.

கோரைத் தண்டில் உட்கார்ந்திருந்தது. பைனாகுலரில் முழுசாகத் தெரிந்தது. அலகு திறக்கிறது. தொண்டை துடிக்கிறது. மூடுகிறது. மறுபடி திறக்கிறது.

சத்தம் இல்லை.

தூரத்தில் டிராக்டர் ஓடுவது கேட்டது. காக்கை கேட்டது. களை பறித்துக்கொண்டிருந்த பூவம்மாள், “என்னம்மா அங்கயே நிக்கிறீங்க?” என்றதும் நன்றாகவே கேட்டது.

“பூவம்மா, இந்தக் குருவி கத்துதா?”

அவள் சிரித்தாள். “காலையிலேருந்து காதைக் குடையுதே, கேக்கலியா?”

போச்சு. எல்லாம் போச்சு. குருவி எங்கேயும் போகல. நான்தான் —

நவம்பர் 29, வெள்ளி

தஞ்சாவூரில் காது டாக்டர். ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். நான் அழுத்தாமலே உட்கார்ந்திருந்தேன். தூங்கிவிட்டேனோ என்று அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள்.

கீச்சென்ற மெல்லிய சத்தங்கள் எனக்குப் போய்விட்டனவாம். திரும்பி வராதாம். “மனுஷங்க பேச்சு இப்போதைக்கு நல்லாத்தாங்க கேக்கும்” என்று டாக்டர் ஆறுதல் சொன்னார். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

திரும்பும் வழியில் வயலைப் பார்த்தேன். புழு சுரண்டி இலையெல்லாம் வெளுத்துக் கிடக்கிறது. அதுவும் என்னால்தான். எங்கே போய் முட்டிக்கொள்வது?

டிசம்பர் 1, ஞாயிறு

ராம்கியிடம் சொல்லிவிட்டேன். “எனக்குத்தான் காது போச்சு ராம்கி. நீ சொன்னது நெசம்.”

அவன் வயலைப் பார்த்தபடி நின்றான். “அன்னிக்கே நம்பியிருந்தா பயிரு பொழைச்சிருக்கும் அண்ணி” என்றான். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

டிசம்பர் 3

பைனாகுலரைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். இனி எதற்கு?

ஜனவரி 19, ஞாயிறு

பொங்கல் கழிந்து பறவைக் கணக்கெடுப்பு. ஜாஃபர் சாதிக் இரண்டு முறை கூப்பிட்டார், வரவில்லை என்று சொல்லிவிட்டேன். காலையில் வாசலில் பைக் வந்து நின்றது. ராம்கி.

“அந்த பைனாகுலரை எடுத்துக்கிட்டு ஏறுங்க அண்ணி.”

முகத்தில் சிரிப்பு இல்லை. விளைச்சல் பாதி தேறினாலே பெரிது, அந்தக் கோபம் அவனுக்கு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. வரப்பில் எனக்குப் பின்னால் நடந்து வந்தான். மதகைத் தாண்டியதும் என் தோளில் ஒரு தட்டு, பலமாகவே. சத்தம் வந்த பக்கம் கையை நீட்டிக் காட்டினான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நின்றோம். கொஞ்ச நேரத்தில் கோரை அசைந்தது.

கதிர்க்குருவி நான்கு. மூன்று ராம்கி தட்டியது, ஒன்று நானே பார்த்தது.

தோள் வலிக்கிறது.