நான் தயார் என்று யார் சொன்னது

ஜூன் 4

அன்புக் குருவி,

நலம்தானே? விடுதியைக் காலி செய்த அவசரத்தில் உன் போர்வையையும் என் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். திட்டாதே.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். வீட்டில் இருப்பது ஒரே போன். அது அப்பாவோடு லாரியில் ஊர் சுற்றுகிறது. வாரத்தில் இரண்டு நாள் வீடு தங்கினாலும் எங்கள் தெருவில் சிக்னல் இல்லை. தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில் ஏறி நின்றால் ஒரு கோடு வரும். நேற்று அங்கே தொங்கிக்கொண்டுதான் புள்ளியியல் வகுப்பு கேட்டேன். சார் வாயைத் திறந்தபடியே உறைந்துபோனார். "அவரு எப்ப வேணா வாயை மூடட்டும், நீ இறங்குடி" என்று கீழே அம்மா கத்துகிறாள்.

ஆன்லைனில் படிக்க மாணவர்கள் தயாரா என்று கணக்கெடுக்கிறார்களாமே? அந்தப் படிவம் எனக்குத் திறக்கவே இல்லை. நீதான் வகுப்புப் பிரதிநிதி. பின்பக்கம் என் பாஸ்வேர்டு இருக்கிறது. என் நிலைமையை உள்ளபடி நிரப்பிவிடு. தயாரில்லை என்பவர்களுக்குப் பாடங்களைத் தபாலில் அனுப்பி, தேர்வை நேரில் வைப்பார்களாம். உன்னை விட்டால் எனக்கு யார்?

உன்,
நெட்டை


ஜூன் 13

என் நெட்டைக்கு,

படிவத்தை நிரப்பிவிட்டேன். கவலையை விடு. ஏணியில் ஏறாதே தாயே, கையைக் காலை உடைத்துக்கொண்டால் யார் பார்ப்பது?

இங்கே எனக்குத் தலைக்கு மேல் வேலை. மொத்தப் பதில்களையும் தொகுத்து அறிக்கை எழுதும் பொறுப்பை எச்.ஓ.டி. மேடம் என்னிடமே கொடுத்துவிட்டார். அட்டையில் என் பெயரும் வரும்! மேல்படிப்புக்குக் கை கொடுக்கும் என்கிறார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
குருவி


ஜூலை 20

அன்புக் குருவி,

தபாலில் ஒரு தாளும் வரவில்லை. இரண்டு பஸ் மாறி, நேற்று பல்கலைக்கழக அலுவலகத்துக்கே போனேன். கிளார்க் ஒரு தாளை எடுத்து என் பக்கம் திருப்பினார்.

"தயார்னு நீயேதானம்மா குடுத்திருக்க?"

சொந்த லேப்டாப்: உண்டு. தனி அறை: உண்டு. இணைப்பு: மிக நன்று. அடியில் ஒரு வரி: 'வீட்டிலிருந்தே படிப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.'

"நான் இதை எழுதலை சார்."

"உன் பாஸ்வேர்டு போட்டுத்தான திறந்திருக்கு? யாருக்காச்சும் குடுத்தியா?"

உன் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. "இல்லை சார்" என்று சொல்லிவிட்டேன். உன்னைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி ஆன்லைனில்தான் எழுத வேண்டுமாம். குருவி, வேறு யாரோ மாற்றியிருப்பார்கள். நான் இல்லை என்று ஒரு வரி எழுதிப் போடு. நம்பிவிடுகிறேன்.

நெட்டை


ஆகஸ்ட் 1

நெட்டை,

உன் கடிதத்தைப் பத்து நாளாகக் கையிலேயே வைத்திருந்தேன். பொய் சொல்ல வரவில்லை. நான்தான்.

முதலில் உள்ளபடிதான் நிரப்பினேன், சத்தியமாக. தயாரில்லை என்று வந்தது பதினேழு பேர். மேடம் கூப்பிட்டு, "பத்துக்கு மேல போச்சுன்னா நம்ம துறையை இந்த வருஷம் நிறுத்தி வெச்சிடுவாங்க. நீயே பார்த்துச் சரி பண்ணு" என்றார். பிறகு என் பெயர் அச்சாகியிருந்த அட்டையைக் காட்டினார். ஏழு பேருடையதை மாற்றினேன். முதலில் உன்னுடையது. மற்றவர்கள் தெரிந்தால் சண்டைக்கு வருவார்கள். நீ என்னிடம் கோபித்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும்.

தேர்வுக்கு என் வீட்டுக்கு வந்துவிடு. என் லேப்டாப்பைத் தருகிறேன். இதை மட்டும் யாரிடமும் சொல்லாதே, கெஞ்சிக் கேட்கிறேன்.

குருவி


ஆகஸ்ட் 10

வகுப்புப் பிரதிநிதிக்கு,

உங்கள் கடிதம் ஆறாம் தேதி வந்தது. தேர்வு முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

அன்று அப்பா லாரியை எடுக்காமல் வீட்டில் இருந்தார். அம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டாள். நாற்பது கேள்விகளில் பதினோராவதில் சிக்னல் போயிற்று. திரும்பி வந்தபோது 'நேரம் முடிந்தது' என்று இருந்தது. ஒரு வருடம் போய்விட்டது. இறங்கியதும் அப்பா கேட்டார்: "நம்ம வீட்டு நிலைமையை முன்னாடியே எழுதிக் குடுத்திருக்கலாமேம்மா? இதுல என்ன வெட்கம்?" எங்கள் நிலைமையை எண்ணி நான் வெட்கப்பட்டேன் என்று நினைத்துவிட்டார்.

நேற்று மறுபடி அலுவலகம் போனேன். பாஸ்வேர்டை நான்தான் கொடுத்தேன் என்று எழுதிக் கொடுத்து, உங்கள் கடிதத்தையும் சேர்த்துவிட்டேன். என் மேலும் விசாரணை வரும் என்றார் கிளார்க். மற்ற ஆறு பேருக்கு நேரில் மறுதேர்வு கிடைக்கலாமாம். எனக்குக் கிடைக்குமா என்று அவருக்குத் தெரியவில்லை.

நான் கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். சரிதான், கோபம் வரவில்லை. வந்திருந்தால் சண்டை போட்டு, நாலு நாள் பேசாமல் இருந்து, பிறகு சமாதானமாகியிருப்போம்.

இனி இந்த விலாசத்துக்கு எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
வருகைப் பதிவேட்டில் இருபத்துமூன்றாம் எண்