முதல் ஐந்து நிமிடத் தண்ணீர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. போன வாரம் நீ அனுப்பிய படத்தில் உன் கன்னம் இரண்டும் அதற்குப் பதில் சொல்லிவிட்டன. பரிமாறுகிற கரண்டியைக் கொஞ்சம் சின்னதாக மாற்றச் சொல்லி உன் மனைவியிடம் நான் சொன்னதாகச் சொல்.

போனில் சொல்வதை விட்டுவிட்டு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று ஆரம்பித்தால் நீ நடுவில் புகுந்து மூன்று அறிவுரை சொல்கிறாய். அப்புறம் சிக்னல் இல்லை என்கிறாய். அதனால்தான் கையால் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து மெயிலில் அனுப்புகிறேன். முழுசாகப் படித்துவிட்டுப் பேசு.

விஷயம் இதுதான். நீ படித்து, இப்போது வேலையும் பார்க்கிற அதே பல்கலைக்கழகத்துக்கு நான் விண்ணப்பம் போட்டுவிட்டேன். குடிநீர்ப் பொறியியலில் முதுகலை, இரண்டு வருடம். போடலாமா என்று கேட்டு எழுதவில்லை, போட்டாயிற்று. எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வா, மீதியைச் சொல்கிறேன்.

முப்பத்தேழு வயதில் என்னடி படிப்பு என்றுதான் அம்மாவும் கேட்டாள். "ஏற்கெனவே வெறும் வாயை மெல்றவங்களுக்கு நீயே அவல் அள்ளிக் குடுக்கறியா" என்றாள். கல்யாணம் ஆகவில்லை என்று மென்றார்கள், இப்போது கப்பல் ஏறப் போகிறாள் என்று மெல்லட்டும், ருசியாவது மாறட்டும் என்றேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் தானாகவே வந்து, அங்கே குளிருமா என்று கேட்டாள்.

ஆங்கிலத் தேர்வு எழுதப் போன கதையைச் சொன்னால் சிரிப்பாய். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். திரும்பிப் பார்த்து, "ஆன்ட்டி, பொண்ணைக் கொண்டுவந்து விட வந்தீங்களா? பேரன்ட்ஸ் அந்தப் பக்கம் உக்காரணும்" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே அவளுக்கு ஒரு தேர்வு வைத்திருப்பேன். உள்ளே காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், பக்கத்து மேஜைப் பையன் தனக்குப் பிடித்த விடுமுறையைப் பற்றி மைக்கில் கத்துகிறான். என் பதிலில் பாதி அவன் விடுமுறையாகத்தான் பதிவாகியிருக்கும். இருந்தும் அவர்கள் கேட்ட மதிப்பெண்ணைவிட அரை மதிப்பெண் கூடவே வந்திருக்கிறது.

பரிந்துரைக் கடிதத்துக்கு எங்கள் குடிநீர் வாரிய ஆபீஸின் தலைமை வேதியியலாளரிடம் போனேன். நம் உப்பு சார்தான். எந்த மாதிரித் தண்ணீரைக் காட்டினாலும் "உப்பு கூடியிருக்கும்மா" என்பவர் இன்னும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். "நீயே எழுதி எடுத்துட்டு வாம்மா, நான் கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார். இங்கே எல்லோருக்கும் அதுதான் வழக்கம். எனக்கு ஏனோ சுருக்கென்றது. மாட்டேன் சார், பதினான்கு வருஷமா என் வேலையைப் பார்க்கறீங்க, நீங்களே எழுதுங்க என்றேன். திகைத்துப் போனார். ஒரு வாரம் இழுத்தடித்துவிட்டு ஒரு பக்கம் எழுதினார். அதில் முதல் வரி, நான் அனாவசியமாக விடுப்பு எடுக்க மாட்டேன் என்பது. போகட்டும், சொந்தமாக எழுதினாரே.

இந்தப் படிப்பு ஏன் வேண்டும் என்று ஒரு கட்டுரை கேட்கிறார்கள், உனக்குத் தெரியாததா. எனக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வடக்கு வார்டுத் தண்ணீரைப் பற்றி எழுதினேன். அதைவிட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது?

எட்டு வாரத்தில் முடிவு சொல்வார்களாம். அதுவரை உன் அறிவுரைகளைப் பத்திரமாக வைத்துக்கொள். குழந்தைக்கு என் முத்தம்.

உன் பிடிவாதக்கார அக்கா.


தம்பிக்கு,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன். படத்தில் தெரியும். தெரியட்டும்.

நேற்று போனில் நீ சொன்னதைக் கேட்டு வாயடைத்துப் போனேன். எனக்கு வாயடைப்பது எவ்வளவு அரிது என்று உனக்குத் தெரியும். ராத்திரி தூங்கி எழுந்தும் ஆறவில்லை. சொல்ல வேண்டியதை இப்போது வரிசையாகச் சொல்கிறேன்.

பல்கலைக்கழகத்திலிருந்து எனக்கு வந்த மெயிலை நீயும் படித்தாய். பதினோரு வருடத்துக்கு முன்னால் இதே முகவரியிலிருந்து வந்த ஒரு கட்டுரையோடு என் கட்டுரை ஒத்துப்போகிறதாம். அதே சம்பவம், அதே நாற்பத்தோரு வீடு, சில வரிகள் எழுத்து மாறாமல் அப்படியே. வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் தர வேண்டுமாம், இல்லாவிட்டால் விண்ணப்பத்தைத் தள்ளிவிடுவார்களாம்.

என் முட்டாள்தனத்தை முதலில் ஒப்புக்கொள்கிறேன். உனக்கு அந்தக் கட்டுரையை எழுதிக் கொடுத்ததை நான் மறக்கவில்லை. அதை அவர்கள் உன் பெயரில் இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருப்பார்கள் என்று எனக்கு உறைக்கவே இல்லை. நடந்தது ஒன்றுதான், எழுதிய கையும் ஒன்றுதான். வரிகள் ஒன்றாக வராமல் வேறு எப்படி வரும்?

உன்னைக் கூப்பிட்டால் நல்ல வழி சொல்வாய் என்று நினைத்தேன். சொன்னாயே ஒரு வழி! "தம்பியோட பழைய கட்டுரையைப் பாத்து எழுதிட்டேன், மன்னிச்சுடுங்கன்னு எழுதுக்கா. அவங்க புதுசா ஒண்ணு எழுதித் தரச் சொல்வாங்க. யாருக்கும் சேதாரம் இல்ல." இதுதானே நீ சொன்னது? நான் உன்னைப் பார்த்துக் காப்பியடித்தேன் என்று என் கையாலேயே எழுத வேண்டும், அப்படித்தானே?

மாட்டேன். செத்தாலும் மாட்டேன்.

நீ மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். வடக்கு வார்டில் பிள்ளைகள் வாந்தியும் பேதியுமாகச் சுருண்டு கிடந்தார்கள். ஆபீஸ் ஆட்கள் எடுத்துவந்த பாட்டிலில் எல்லாம் சொட்டு மருந்து விட்டால் பளிச்சென்று மஞ்சள் வந்தது. மஞ்சள் வந்தால் குளோரின் இருக்கிறது, தண்ணீர் நல்ல தண்ணீர், ஃபைலை மூடு. அவர்கள் அங்கே போய்ச் சேரும்போது குழாயில் தண்ணீர் வந்து அரை மணி ஆகியிருக்கும் என்பதை ஒருத்தரும் யோசிக்கவில்லை. நான் காலை ஐந்து மணிக்கே போய் நின்றேன். குழாய் சீறிக்கொண்டு திறக்கிற அந்த முதல் ஐந்து நிமிடத் தண்ணீரைப் பிடித்தேன். நாற்பத்தோரு வீடு, ஒன்பது நாள். குழாயின் கடைசியில் இருக்கிற பதினாறு வீட்டில் ஒரு பாட்டிலும் மஞ்சளாகவில்லை. பம்ப் நிற்கிற நேரத்தில் காலிக் குழாய் விரிசல் வழியாகச் சாக்கடையை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. தோண்டிப் பார்த்து ஒட்டினார்கள். நீ அந்த ஒன்பது நாளும் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினாய். தூங்கினது தப்பில்லை, உனக்குப் பரீட்சை முடிந்த விடுமுறை.

அதற்கு இரண்டு வருடம் கழித்து நீ விண்ணப்பம் போட்டாய். இருக்கிற பணத்துக்கு வீட்டிலிருந்து ஒருத்தர்தான் படிக்கப் போக முடியும் என்றார் அப்பா. அந்த ஒருத்தர் யார் என்று யாரும் கேட்கக்கூட இல்லை, நான் உட்பட. கட்டுரைக்கு நீ மூன்று நாள் வெள்ளைத் தாளோடு உட்கார்ந்திருந்தாய். மூன்றாம் நாள் என் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "எங்கிட்ட எழுத ஒண்ணுமே இல்லக்கா" என்று அழுதாய். என்னுடையதை எடுத்துக்கொள் என்றேன். நீ மாணவத் தொண்டனாகப் போனதாக மாற்றி நானே எழுதினேன். நீ திருடவில்லை. நான் கொடுத்தேன், மனசாரக் கொடுத்தேன். இத்தனை வருடத்தில் ஒரு நாளாவது உன்னிடம் சொல்லிக்காட்டியிருக்கிறேனா? கொடுத்தவளையே திருடி என்று எழுதித் தரச் சொல்கிறாயே, உனக்கு எப்படியடா மனசு வந்தது?

உன் பயம் எனக்குப் புரிகிறது. அடுத்த மாதம் வேலை நிரந்தரமாகப் போகிறது, கைக்குழந்தை இருக்கிறது, இந்த நேரத்தில் பழசைக் கிளறினால் என்ன ஆகுமோ என்று நடுங்குகிறாய். உன் மனைவியும் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு அழுதிருக்கிறாள். அம்மா போனை வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்து, "அவன் பொழைப்புல மண்ணள்ளிப் போட்டுடாதடி" என்றாள். நேற்று மிச்சப் பொழுது முழுக்க இந்த வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசின.

இன்று காலை வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது அம்மா வாசல்வரை வந்தாள். பதில் எழுதிவிட்டாயா என்று கேட்டாள். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். கதவைச் சாத்தப் போனவள் திரும்பினாள். அப்புறம், "அன்னிக்கு அந்தப் பாட்டிலையெல்லாம் நாலு மணிக்கே எழுந்து கொதிக்க வெச்சுக் குடுத்தவ நானு. அவன் கையைக்கூட நனைக்கல. அதையும் எழுதுடி" என்றாள். உண்மைதான். ஆபீஸில் பாட்டிலைச் சுத்தப்படுத்துகிற அறை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும் என்று, நம் வீட்டுப் பெரிய பாத்திரத்தில் அம்மாதான் தினமும் கொதிக்க வைத்தாள். நான் அதை இரண்டு கட்டுரையிலும் எழுதவில்லை. பார், நானும் ஒருத்தியை விட்டுவிட்டுத்தான் எழுதியிருக்கிறேன். ஆபீஸ் போகிற வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனேன்.

உப்பு சாரிடம் போய் அந்த வருடத்து மாதிரிப் பதிவேட்டின் நகலைக் கேட்டேன். "எதுக்கும்மா வம்பு" என்றார். ஒன்பது நாளுக்கும் என் கையெழுத்து இருக்கிறது சார், அதைக் கேட்பது வம்பா என்றேன். பதிவேட்டை எடுத்து நகல் போட்டுக் கொடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை குத்தினார்.

என் பதிலின் நகலையும் இதோடு அனுப்புகிறேன். அதில் இருப்பது இவ்வளவுதான். வடக்கு வார்டில் வேலை செய்தது நான், அதற்குப் பதிவேடு சாட்சி. பழைய கட்டுரையை என் தம்பிக்காக எழுதியதும் நான். அது தப்பு, அதில் என் பங்கு பெரிய பங்கு. அவன் மதிப்பெண்ணும் அவன் எழுதிய தேர்வுகளும் அங்கே அவன் வாங்கிய பட்டமும் அவனே உழைத்துப் பெற்றவை. இந்தக் காரணத்துக்காக என்னைச் சேர்க்கக் கூடாது என்று நீங்கள் நினைத்தால் சேர்க்க வேண்டாம். காப்பியடித்தவள் என்று மட்டும் என்னைச் சொல்லாதீர்கள்.

இதைப் படித்துவிட்டு என்னை வேண்டாம் என்று சொல்ல நிறைய வாய்ப்பு இருக்கிறது. எனக்குத் தெரியாமல் இல்லை. சொன்னால் அடுத்த வருடம் வேறு இடத்துக்குப் போடுவேன். அங்கேயும் வடக்கு வார்டைத்தான் எழுதுவேன். நாற்பது வயதானாலும் ஐம்பது வயதானாலும் எழுதுவேன். என் ஒன்பது நாளை இனி யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு இதை அனுப்புவேன். இன்று திங்கள். நீ வேலை பார்க்கிற கட்டடத்தில் மாணவர் சேர்க்கை அலுவலகம் இரண்டு மாடி தள்ளித்தான் இருக்கிறது என்று நீயே ஒரு தடவை சொன்னாய். எனக்கு முன்னால் நீ போ. போய் உன் வாயால் சொல், இல்லாவிட்டால் நாலு வரி எழுதிக் கொடு. அக்கா காட்டிக்கொடுத்தாள் என்று உன் பெயருக்குப் பக்கத்தில் இருப்பதைவிட, அவனே வந்து சொன்னான் என்று இருக்கட்டும். அதற்காகத்தான் உனக்கு இந்த நாலு நாள்.

நீ கெட்டவன் இல்லையடா. பயந்தவன். சின்ன வயதிலிருந்தே பயம் வந்தால் என்னைத்தான் தேடுவாய், நானும் ஓடி வந்துவிடுவேன். உன்னை அப்படி வளர்த்ததில் எனக்கும் பங்கு உண்டு. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எழுது, தைரியம் வரும். உனக்கு ஒரு குறையும் வராது, வரக் கூடாது என்று தினமும் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும்.

என்ன எழுதுவது என்று தெரியாமல் தாளோடு உட்கார்ந்திருந்தால் மட்டும் என்னைக் கூப்பிடாதே, தம்பி. இந்த ஒன்றை நான் எழுதித் தர முடியாது.

உன் அக்கா.