தயிருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை வைன்

என் அம்மாவுக்கு,

நீ இருந்தவரை நம் வீட்டு வாசலைத் தாண்டாத ஒரு பொருள் சமீபத்தில் என் வீட்டுக்குள் வந்துவிட்டது. வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிவதைவிட நானே சொல்லிவிடுகிறேன். தம்பி பிரபு ஒரு வைன் பாட்டில் கொண்டுவந்தான். பிரான்ஸ் நாட்டு வெள்ளை வைன். நான் அதை ருசி பார்த்தேன்.

கத்தாதேம்மா. முழுசாகக் கேள்.

அவனுக்கு என்ன வேலை என்று நம் பெங்களூர் நீலசந்திராவில் யார் கேட்டாலும் "ஹோட்டல்ல இருக்கான்" என்று நீ பேச்சை மாற்றிவிடுவாய். எந்தச் சாப்பாட்டுக்கு எந்த வைன் பொருந்தும் என்று சொல்லி, அதை ஊற்றியும் கொடுக்கிற வேலை என்று உனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் மாற்றினாய். சாராயப் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழித்த ஒருவரோடு குடும்பம் நடத்தியவள் நீ. உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

எனக்கு வேறொரு சந்தேகம் இருந்தது. அப்பாவைத் தின்ற அதே சரக்கைத்தான் இவன் தினமும் கையில் எடுக்கிறான். இவனை மட்டும் அது எப்படி விட்டுவைத்தது? கேட்க வாய் வரவில்லை. அவனே ஒரு காரணத்தோடு வந்தான்.

அவர்கள் ரெஸ்டாரண்டில் தமிழ்ச் சாப்பாடு வைத்து ஒரு மதிய விருந்தாம். அதற்கு ஒரே ஒரு வெள்ளை வைன் கொடுக்கப்போகிறார்களாம். எதை எதோடு வைப்பது என்று இவன்தான் முடிவு செய்ய வேண்டும். "நீ சமைக்கா. அம்மா கைப்பக்குவம் உனக்குத்தான் வரும். வைன் பத்தி ஒண்ணும் தெரியாத நாக்குதான் எனக்கு வேணும்" என்றான். நாக்கைப் பாராட்டினானா, திட்டினானா?

அவனுடைய லீவு நாளில், பகல் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தான். மெல்லிய கண்ணாடி கிளாஸ்களை டவலில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்தவன், சாப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்னால் வெளியே எடுத்துவிட்டான். ஏண்டா, ஜில்லென்று குடித்தால்தானே நல்லது என்றேன். "ரொம்ப ஜில்லுனு இருந்தா வாசனையே வராதுக்கா. ஸ்வல்ப நேரம் இருக்கட்டும்" என்றான்.

கார்க்கைத் திருகி எடுத்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். படார் என்று வெடிக்கும் என்று பயம். ஒரு சத்தமும் வரவில்லை. யாரோ மெதுவாக மூச்சு விட்டதுபோல இருந்தது, அவ்வளவுதான். கிளாஸில் கால்வாசிக்குக் கொஞ்சம் மேல் ஊற்றினான். கஞ்சத்தனம் இல்லையாம், மிச்ச இடம் வாசனைக்காம். காம்பைத்தான் பிடிக்க வேண்டும், கை பட்டால் சூடாகிவிடும் என்றான். அது வந்த ஊரின் பெயர் ஷாப்லி. வைனுக்கும் அதே பெயர்.

"இது டிரை வைன்" என்றான்.

"தண்ணியா ஊத்திட்டு ஈரமே இல்லேங்கற மாதிரி சொல்றியே?"

அப்படிச் சிரித்தான் அம்மா. அவன் அப்படிச் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாகிறது. இனிப்பு இல்லை என்றால் அதை டிரை என்பார்களாம். திராட்சையில் இருந்த இனிப்பெல்லாம் புளித்துத் தீர்ந்துபோயிருக்குமாம்.

முகர்ந்தேன். எலுமிச்சைத் தோலை நகத்தால் கீறிய வாசனை. அதற்குப் பின்னால் வேறு ஏதோ, மழை நின்றபின் மொட்டைமாடியில் வருமே, அது. வாயில் வைத்தேன். நெல்லிக்காய் தின்றதுபோல நாக்கின் ஓரமெல்லாம் கூசியது. விழுங்கியபின் மறுபடி ஊறியது. பிடித்ததா என்று கேட்டால் தெரியவில்லை. ஆனால் இன்னொரு தடவை குடித்து, அது என்ன என்று பார்க்கத் தோன்றியது. அப்பாவுக்கும் முதல் தடவை இப்படித்தான் தோன்றியிருக்குமா?

பிரபு ருசி பார்க்க மட்டும் வாயில் வைத்துக் கொப்பளித்து, ஒரு டம்ளரில் துப்பிவிட்டான். அப்போதுதான் கேட்டேன்.

"எப்பவும் துப்பிடுவியாடா?"

"வேலையில எப்பவும். லீவு நாள்ல, சாப்பாட்டோட ஒரு கிளாஸ் குடிப்பேன். உங்கிட்ட ஏன் பொய் சொல்லணும்?"

"பயமா இல்லியா?"

அவன் கிளாஸைச் சுழற்றிக்கொண்டே இருந்தான். "இருக்குக்கா. டூட்டி முடிஞ்சு வந்தா, அம்மா கதவத் தொறந்ததும் வாய ஊதச் சொல்லும். தெனமும் ஊதுவேன். அவமானமாத்தான் இருக்கும். இப்ப கதவு தொறக்கறப்பல்லாம் ஒரு நிமிஷம் நிக்கறேன். யாரும் ஊதச் சொல்றதில்ல."

எனக்கு இது தெரியாது அம்மா. கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவில் இருந்தேனே தவிர, உங்கள் இருவருக்கும் நடுவில் அந்த வாசலில் இப்படி ஒன்று நடந்ததை நீ சொல்லவே இல்லை. அவன் ஊதிய பிறகு உன் முகம் எப்படி இருக்கும்? நிம்மதியா, இல்லை நாளைக்கு என்ன ஆகுமோ என்றா?

பேச்சை விட்டுவிட்டு மீன் குழம்பை ஊற்றினேன். உன் பக்குவம்தான்: வஞ்சிரம், புளி கொஞ்சம் தூக்கலாக. ஒரு வாய் சோற்றுக்குப் பின் வைனைக் குடித்தால் தொண்டை எரிந்தது. எலுமிச்சையும் இல்லை, மழையும் இல்லை. புளிக்கு முன்னால் அதன் புளிப்பு செத்துப்போகும், காரம் அதைக் கசக்க வைக்கும் என்று பிரபு தலையைச் சொறிந்தான். அவனுக்குக் கவலை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், உன் குழம்பு ஜெயித்துவிட்டதே என்று.

அந்த நேரம் பார்த்து ராணி சித்தி உள்ளே வந்தது. உன் தங்கை என்றைக்குக் கதவைத் தட்டியது? பாட்டிலைப் பார்த்தது, உன் போட்டோவைப் பார்த்தது.

"எங்கக்கா போட்டோ எதிர்ல உக்காந்துகினு குடிக்கிறீங்களா? உங்கப்பன் பண்ணது பத்தலியா?"

நான் எழுந்து நின்றுவிட்டேன். பிரபு கோபப்படவில்லை. பாட்டிலில் பாதிக்கு மேல் இருந்தது. கார்க்கைத் திரும்ப அழுத்தி, ஃபிரிட்ஜில் தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தான்.

"சித்தி, இத நான் தொடமாட்டேன். நாளைக்கு வந்து நீயே பாரு" என்றான்.

வராது என்று நினைத்தேன். மறுநாள் வந்தது! நேராகப் போய் ஃபிரிட்ஜைத் திறந்து, பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தது. திரும்ப உள்ளே வைத்துவிட்டுப் போய்விட்டது. சாயங்காலம் பிரபு வந்தான். தயிரை எடுத்தான், ஃபிரிட்ஜை மூடினான். நான் அடுப்படியில் நின்று அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நம் வீட்டில் ஒரு பாட்டிலில் மிச்சம் இருந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. மிச்சம் வைக்க முடிகிற ஆள் ஒருவன் நம் வீட்டில் இருக்கிறான் அம்மா.

அதற்கும் மறுநாள் சித்தி வந்தபோது கையில் ஒரு தூக்கு. சுடச்சுட உளுந்து வடை, மிளகும் தேங்காய்ப் பல்லும் போட்டது. பிரபுவும் இருந்தான்.

"இப்டியே வெச்சா கெட்டுடாதா?" என்று கேட்டது.

"இன்னிக்கு விட்டா வீண்தான் சித்தி."

"அப்ப எதுக்கு வீணாக்கற? ஊத்து. என்னான்னுதான் பாக்கலாம்."

சித்தி வடையைக் கடித்தது, ஒரு மடக்கு குடித்தது, முகத்தைச் சுளித்தது. பிறகு தானாகவே இன்னொரு வடையை எடுத்தது. "டேய், எண்ணெய் தெரியலடா" என்றது. பிரபு பாய்ந்து ஒரு வடையை எடுத்துக் கடித்துக் குடித்தான். நானும். உண்மைதான். வடையின் உப்பும் மொறுமொறுப்பும் அந்தப் புளிப்பை எழுப்பிவிட்டன. அது எண்ணெயைக் கழுவிக்கொண்டு போனது. அந்த மழை வாசனைகூட லேசாகத் திரும்பி வந்தது. குழம்பில் தோற்றது வடையில் எப்படி ஜெயித்தது? சித்திக்கு அந்தக் கேள்வியெல்லாம் இல்லை. "போதும், சாக்கு" என்று தமிழிலும் கன்னடத்திலும் சொல்லி, கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனது.

விருந்து நன்றாக நடந்தது. முதலில் வடை, பிறகு புளி இல்லாமல் தேங்காய்ப்பாலில் செய்த இறால். மீன் குழம்பும் உண்டு, கடைசியில், வைன் இல்லாமல். நானும் சித்தியும் ஓரமாக ஒரு மேஜையில் உட்கார்ந்திருந்தோம். பிரபு கறுப்புக் கோட்டில் வந்தான். பாட்டிலை விருந்தாளிக்குக் காட்டினான். கொஞ்சமே கொஞ்சம் ஊற்றினான். அவர் ருசித்துத் தலையாட்டும்வரை அசையாமல் நின்றான். சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கக்கா இத ஒரு தடவ பாத்திருக்கலாம்டி" என்றது.

நீ பார்த்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாயா? எனக்குத் தெரியவில்லை. ஒத்துக்கொள்ளாமல் இருக்க உனக்கு எல்லா உரிமையும் உண்டு. அதனால் ஒன்று சொல்கிறேன். உன் நினைவு நாளில் உனக்குப் போடும் இலைக்குப் பக்கத்தில் எந்தப் பாட்டிலும் வராது. அன்றைக்கு வரும் சொந்தக்காரர்கள் "பிரபு என்ன பண்றான்?" என்று கேட்பார்கள். "ஹோட்டல்ல இருக்கான்" என்று நான் நிறுத்தமாட்டேன். "என் தம்பி வைன் பரிமாறுறான், அதுல கெட்டிக்காரன்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்வேன். உன் எதிரிலேயே சொல்வேன்.

உன் மூத்த மகள்,
பிரபுவின் அக்கா,
கலா