அறுபது கிலோ மிதவை

மகளே,

உன் அம்மாவைக் குளியலறைக்குத் தூக்கிப் போக என் முதுகு இடம் கொடுக்கவில்லை. அதனால் பழைய வேக்குவம் கிளீனர் மோட்டார், பலகை, தார்ப்பாய் வைத்துக் காற்றில் மிதக்கும் மேடை ஒன்று செய்தேன். எடை கேட்டதற்கு, போர்வைக்குள்ளிருந்தே "அதே அறுபதுதான்" என்றாள். பத்துக் கிலோ மணல் மூட்டை ஆறு ஏற்றிப் பார்த்தேன், மெல்ல நகர்ந்தது.

இன்று கட்டிலிலிருந்து அவளாகவே நகர்ந்து மேடையில் உட்கார்ந்தாள். அது விருட்டென்று வழுக்கிப் போய்க் கதவில் முட்டியது.

"பரவாயில்லையே, நல்லாத்தான் ஓடுது" என்று சிரித்தாள்.

மறுபடி மூட்டைகளை ஏற்றி ஒவ்வொன்றாக இறக்கினேன். நான்கு மிஞ்சியபோதுதான் அதே மாதிரி ஓடியது.

தினமும் பக்கத்தில் படுக்கிறவன் நான்.

மோட்டாரை நாற்பதுக்குத் திருத்திவிட்டேன். மறுபடி திருத்த வேண்டி வருவதற்குள் வந்துவிடு.

அப்பா