முன் சீட்டில் ஆள் இருக்கிறது

டீச்சரம்மா,

தூங்குகிறாயா, என்னோடு பேசப் பிடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாயா, தெரியவில்லை. எழுப்ப மனசு வரவில்லை. நம் பழைய காரை எடுத்துக்கொண்டு, பழங்கால கார் கிளப் ஆட்களோடு மலைக்குக் கிளம்புகிறேன்.

ஃபிளாஸ்கில் காபி இருக்கிறது. முட்டை வேகவைத்து மூடியிருக்கிறேன். இன்றைக்கு வருவதாக இருந்த குழாய் ரிப்பேர்க்காரரை நாளைக்கு வரச் சொல்லிவிட்டேன். அவரைச் சாக்கு வைத்து நீ வீட்டில் இருந்துவிடக் கூடாது.

வியாழக்கிழமை தப்பு என்னுடையதுதான். மாற்றல் உத்தரவு வந்துவிட்டது என்று நீ சொன்னபோது, காருக்கு அடியில் படுத்தபடி, "அந்தப் பெரிய ஸ்பேனரை எடு" என்றேன். "திங்கட்கிழமையிலேர்ந்து யாரு எடுத்துக் குடுப்பா, உங்க காரா?" என்றாய். உன் குரல் கம்மியது காதில் விழுந்தது. வெளியே வந்தால் நானும் அழுதுவிடுவேன் என்றுதான் அங்கேயே கிடந்தேன்.

நாளை மறுநாள் நீ வேறு ஊரில் இருப்பாய். இந்த ஒரு நாளாவது பக்கத்தில் இரேன்.

"முன் சீட் காலிதானே, என் மச்சான் ஏறிக்கட்டுமா?" என்று கிளப் செயலாளர் கேட்டார். "ஆள் இருக்குங்க" என்று சொல்லிவிட்டேன்.

ஒன்பது மணி பஸ்ஸில் ஏறு. முதல் ஏற்றம் முடிகிற இடத்தில் ஒரு டீக்கடை வரும். எஞ்சின் ஆறுவதற்காக அங்கே எல்லா வண்டிகளும் அரை மணி நேரம் நிற்கும்.

பி.கு.: பத்தரைக்கும் ஒரு பஸ் உண்டு. மற்றவர்கள் கிளம்பினால் கிளம்பட்டும். என் வண்டி இன்னும் ஆறவில்லை என்று பொய் சொல்லி, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன்.